ஆறரை பேசோ அஞ்சல் தலையும் ஒரு சித்திரக்கதைச் சிறுவனும்

2005ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் மெக்சிகோ அஞ்சல் துறை ஐந்து அஞ்சல் தலைகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டது. ஒவ்வொரு தலையின் விலையும் 6.50 பேசோ, அன்றைய மாற்று மதிப்பில் அது ஏறத்தாழ 60 அமெரிக்க சென்ட். மொத்தம் 7,50,000 தலைகள் அச்சாகியிருந்தன. ஐந்திலும் இருந்தவன் ஒரே சிறுவன்தான். முடியில்லாத தலை, அகல விரிந்த கண்கள், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் தடித்த உதடுகள், கறுத்த உடல். அவன் பெயர் மெமீன் பிங்கீன். மெக்சிகோவில் மூன்று தலைமுறைகள் படித்து வளர்ந்த சித்திரக்கதையின் நாயகன் அவன். அஞ்சல் தலை வெளியான மறுநாளே அமெரிக்க வெள்ளை மாளிகை அதைக் கண்டித்தது. கண்டனத்தைக் கேட்ட மெக்சிகோ நகரத்து மக்கள் அஞ்சலகங்களின் முன் வரிசையில் நின்று அத்தனை தலைகளையும் வாங்கித் தீர்த்தார்கள். அதுவரை பெட்டிக்கடைச் சரக்காக மட்டுமே இருந்துவந்த அந்தச் சித்திரக்கதையின் பழைய இதழ்கள், அஞ்சல் தலையோடு ஜோடி சேர்ந்து சேகரிப்புப் பொருளானது அதற்குப் பிறகுதான்.

அந்த ஜோடியில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால், முதலில் புத்தகத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

மெக்சிகோவில் 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1950கள் வரை சித்திரக்கதைகள் நாளிதழ்களைப் போல அன்றாடம் விற்றன. அவற்றுள் பெயர்பெற்றது ‘பெப்பீன்’ என்ற சிற்றளவு இதழ். எந்தச் சித்திரக்கதை இதழையும் ‘பெப்பீன்’ என்றே மக்கள் அழைக்கும் அளவுக்கு அதன் பெயர் பொதுப்பெயராகிப் போயிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவர்கள், பழகாமல் பிறர் படிக்கக் கேட்டவர்கள், கிராமத்திலிருந்து நகரத்துக்கு வேலை தேடி வந்தவர்கள் என எல்லோரும் அதன் வாசகர்கள். அந்த இதழில் 1940களில் யோலாண்டா வர்காஸ் துல்ச்சே என்ற இளம்பெண் எழுதிய தொடர் ஒன்றில்தான் மெமீன் முதலில் தோன்றினான். அப்போது அவனை வரைந்தவர் ஆல்பெர்ட்டோ கப்ரேரா. கியெர்மோ என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் ‘மெமோ’ என்றும் ‘மெமீன்’ என்றும் வரும்; வர்காஸ் துல்ச்சேயின் கணவர் பெயர் கியெர்மோ தெ லா பார்ரா. ‘பிங்கீன்’ என்பது குறும்புக்காரன் என்ற பொருளுள்ள ‘பிங்கோ’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வரும் தென்துருவப் பறவைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கியூபாவுக்குச் சென்றிருந்தபோது அங்கே கண்ட கறுப்பினக் குழந்தைகளே தமக்கு இந்தப் பாத்திரத்தைத் தந்ததாக வர்காஸ் துல்ச்சே கூறியிருக்கிறார்.

1960களில் அவருடைய குடும்பத்தின் பதிப்பகமே இக்கதையைத் தனி வார இதழாக வெளியிட்டது. அப்போது ஓவியப் பொறுப்பை ஏற்ற சிக்ஸ்டோ வலென்சியா புர்கோஸ் 2015இல் மறையும்வரை மெமீனின் ஓவியராகவே அறியப்பட்டார். இன்று உலகம் அடையாளம் காணும் முகமும், அஞ்சல் தலையில் ஏறிய முகமும் அவர் வரைந்ததுதான். கதை மொத்தம் 372 அத்தியாயங்கள். மெமீன், அவனுடைய மூன்று நண்பர்கள், அவன் தாய் எவுஃப்ரோசீனா ஆகியோரைச் சுற்றியே அது நகர்கிறது. தாய் ஊராரின் துணிகளை வெளுத்து மகனை வளர்க்கிறாள். மகன் செய்தித்தாள் விற்றும் காலணிக்கு மெருகு போட்டும் அவளுக்கு உதவுகிறான், படிப்பில் தோற்கிறான், பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறான், அடி வாங்குகிறான், அழுகிறான். அவளை அவன் ‘அழகான அம்மா’ என்ற பொருளில் ‘மா லிண்டா’ என்று கூப்பிடுகிறான். நண்பர்களுள் ரிக்கார்டோ பணக்கார வீட்டுப் பிள்ளை, எர்னெஸ்டியோ வறுமையில் வாடுகிறவன், கர்லாங்காஸ் முன்கோபக்காரன். பிற்காலத்தில் லத்தீன் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு மூலமான ‘ரூபி’, ‘எசேனியா’ போன்ற கண்ணீர்க் கதைகளை எழுதியவரும் வர்காஸ் துல்ச்சேதான் என்பதை நினைவில் கொண்டால், சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவே இந்தக் கதை ஓடிய விதம் விளங்கும். மெக்சிகோவில் மட்டுமன்றி கொலம்பியா முதல் பிலிப்பைன்ஸ் வரை இதற்கு வாசகர்கள் இருந்தார்கள்.

இந்த அன்பை நான் குறைத்து மதிப்பிட விரும்பவில்லை. ஏழைப் பிள்ளைகள் நால்வரின் நட்பில் நிறமும் பணமும் குறுக்கே வராத ஓர் உலகத்தை இக்கதை வாரந்தோறும் வாசகர் கையில் கொடுத்தது. நண்பர்கள் கால்பந்து ஆடுவதற்காக டெக்சஸ் செல்லும் அத்தியாயங்களில், கறுப்பின் காரணமாக மெமீனுக்குப் பரிமாற ஒரு கடைக்காரர் மறுக்க, மற்ற மூவரும் அவனுக்காகச் சண்டையில் இறங்குகிறார்கள். தன் மொழியில், தன் ஊர்க் கடையில், சில காசுகளுக்குக் கிடைத்த இதழில் இப்படி ஒரு காட்சியைப் படித்த சிறுவர்கள் பின்னாளில் மெமீனை இனவெறியின் சின்னம் என்று வெளியார் சொன்னபோது திகைத்துப்போனதில் வியப்பில்லை.

ஆனால் கதை சொல்வது ஒன்றாகவும் ஓவியம் காட்டுவது வேறாகவும் இருப்பதுதான் இந்த இதழின் சிக்கல். மற்ற மூன்று சிறுவர்களும் மனிதச் சிறுவர்களாகவே வரையப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மூக்கு மூக்காகவும் காது காதாகவும் இருக்கிறது. மெமீன் மட்டும் வேறோர் ஓவிய மரபிலிருந்து வெட்டி ஒட்டியவனைப் போல நிற்கிறான். அவன் தாய் தலையில் துணி கட்டிய பருத்த பெண்ணாக, அமெரிக்க விளம்பரங்களில் அடுப்படி வேலைக்காரியாகக் காட்டப்பட்டு வந்த கறுப்பினப் பெண்ணின் அச்சாக இருக்கிறாள். அந்த மரபு மெக்சிகோவுக்கு இரண்டு வழிகளில் வந்தது. வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசி, உதட்டைப் பெரிதாக வரைந்துகொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேடையும், அதிலிருந்து கேலிச்சித்திரத்துக்கும் அசைபடத்துக்கும் இறங்கிய உருவங்களும் ஒரு வழி. கியூபாவின் ‘பூஃபோ’ நகைச்சுவை நாடகங்களில் கரி பூசி ஆடிய ‘நெக்ரீட்டோ’ வேடம் மற்றொரு வழி. 1940களில் ஓர் ஓவியர் கறுப்பினச் சிறுவனை வரைய நினைத்தால் கைக்கு முதலில் வந்த அச்சு அதுதான். வில் ஐஸ்னர் என்ற அமெரிக்க ஓவியர் 1940இல் உருவாக்கிய ‘எபனி ஒயிட்’ என்ற துணைப்பாத்திரத்தை மெமீனின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு கண்கூடாகத் தெரியும். ஐஸ்னரின் நாட்டில் புதிய கதைகளில் அந்த உருவம் பின்னர் கைவிடப்பட்டது. மெக்சிகோவில், ஒவ்வொரு மறுபதிப்பிலும், அது மாறாமல் நிலைத்தது.

இனி அஞ்சல் தலைக்கு வருவோம். அது வெளியான காலம் மிக மோசமானது. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்புதான், 2005 மே 13 அன்று, அதிபர் விசென்டே ஃபாக்ஸ் டெக்சஸ் வணிகர்களின் கூட்டமொன்றில் பேசும்போது, அமெரிக்காவில் கறுப்பினத்தவர்கூடச் செய்ய விரும்பாத வேலைகளை மெக்சிகோவினர் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டிருந்தார். அந்தப் பேச்சுக்காக அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் மெக்சிகோ நகரம் வரை சென்று அதிபரைச் சந்தித்தார். அத்தகைய மற்றொரு தலைவரான அல் ஷார்ப்டனும் கண்டித்திருந்தார். அந்தக் காயம் ஆறுவதற்குள் அரசு அஞ்சல் துறை இந்த உருவத்தை அச்சிட்டது. சித்திரக்கதை மரபைப் போற்றும் வரிசையில் இது முதல் வெளியீடு என்றும், மற்றப் பாத்திரங்களும் தொடர்ந்து வரும் என்றும் அஞ்சல் துறை விளக்கியது. அப்படியானால் வரிசையை வேறொரு பாத்திரத்தோடு தொடங்கியிருக்கலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றாதது, இந்த உருவத்தில் தவறு ஏதும் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அந்த அலுவலகத்தில் எழவில்லை என்பதைக் காட்டுகிறது.

வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் ஸ்காட் மெக்லெல்லன், இனத்தைப் பற்றிய இத்தகைய அச்சுருவங்கள் எங்கிருந்து வந்தாலும் புண்படுத்துபவையே என்ற கருத்தைத் தெரிவித்தார். மெக்சிகோவின் வெளியுறவு அமைச்சர் லூயிஸ் எர்னெஸ்டோ தெர்பெஸ் இதை மெக்சிகோ பண்பாட்டைப் பற்றிய முழு அறியாமை என்றார். வாஷிங்டனிலிருந்த மெக்சிகோ தூதரகம், அகன்ற தொப்பி அணிந்து மின்னலாய் ஓடும் ‘ஸ்பீடி கொன்சாலஸ்’ என்ற எலியைச் சுட்டிக்காட்டியது. அமெரிக்கர்கள் படைத்த அந்த மெக்சிகோ எலியைத் தாங்கள் இனவெறியாகப் பார்த்ததில்லையே என்பது அதன் வாதம். வரலாற்றாசிரியர் என்ரிகே கிராவுசே அமெரிக்க நாளிதழொன்றில் கட்டுரை எழுதி, மெமீன் எந்த வெறுப்பையும் சுமக்காத, எளிய மக்கள் தங்களைக் கண்டுகொண்ட உருவம் என்று வாதாடினார். அதிபர் ஃபாக்ஸும் இதழைத் தாம் விரும்பிப் படித்ததாகச் சொல்லி அஞ்சல் தலையைத் திரும்பப் பெற மறுத்தார். இதற்குள் விவாதம் இரு நாடுகளின் தன்மானப் போட்டியாக மாறிவிட்டது. எல்லைச் சுவர், குடியேற்றம், பழைய போர்களின் நினைவு எல்லாம் சேர்ந்து, ‘எங்கள் மெமீனைப் பற்றிப் பேச இவர்கள் யார்’ என்ற கோபம் அஞ்சலக வரிசையை நீளச் செய்தது.

தூதரகத்தின் எலி ஒப்புமை ஏன் நிற்காது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அஞ்சல் தலை என்பது அரசு தன் பெயரைப் பொறித்து வெளியிடும் தாள். பெட்டிக்கடையில் தொங்கும் இதழை வாங்குவதும் வாங்காததும் வாசகர் விருப்பம்; அதன் உருவங்களுக்கு ஆசிரியரும் ஓவியரும் பதிப்பகமும் பொறுப்பு. அதே உருவம் நாட்டின் பெயருக்கும் விலைக்கும் நடுவே அச்சாகும்போது, இது எங்கள் மரபு என்று அரசு கையெழுத்திட்டுக் கொடுக்கிறது. அரசுகள் சித்திரக்கதைகளை அஞ்சல் தலையில் ஏற்றுவதும் அந்தக் கையெழுத்தின் மதிப்புக்காகவே. 1979இல் பெல்ஜியம் தன் புகழ்பெற்ற சித்திரக்கதை நாயகனான டின்டினை அஞ்சல் தலையில் ஏற்றியபோது, சிறுவர் படிப்பு என்று ஒதுக்கப்பட்டுவந்த கலைக்குத் தேசிய அங்கீகாரம் கிடைத்தது. அதே பெல்ஜியம் 2001இல் காங்கோ ஜனநாயகக் குடியரசோடு சேர்ந்து, டின்டின் காங்கோவுக்குச் செல்லும் கதையைக் குறித்துத் தலை வெளியிட்டது. கறுப்பின மக்களைக் குழந்தைகளைப் போலவும் மூடர்களைப் போலவும் வரைந்ததற்காக இன்றும் கண்டிக்கப்படும் கதை அது. அந்த வெளியீட்டில் குறைந்தபட்சம் காங்கோ அரசும் ஒரு தரப்பாக இருந்தது. மெக்சிகோவில் அப்படி யாரிடமும் கேட்கப்படவில்லை. கேட்க யாருமில்லை என்று அரசு நினைத்திருந்ததே அதற்குக் காரணம் என்பது என் கருத்து.

அந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் ஏறத்தாழ 2 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக இந்த மண்ணுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வெராக்ரூஸ் மலைப்பகுதியில் தப்பியோடிய அடிமைகளைத் திரட்டிப் போராடிய யாங்கா, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியரோடு உடன்பாடு கண்டு தம் மக்களுக்கென ஓர் ஊரை நிறுவினார். அந்த ஊர் இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. 1829இல் அடிமை முறையை ஒழித்த அதிபர் விசென்டே கெர்ரேரோவே ஆப்பிரிக்க வழியில் வந்தவர். ஆனால் விடுதலைக்குப் பின் பதிவேடுகளிலிருந்து இனப்பிரிவுகள் நீக்கப்பட்டன. சமத்துவத்துக்காகச் செய்த அந்த நீக்கம், காலப்போக்கில் இந்நாட்டில் கறுப்பினத்தவரே இல்லை என்ற நம்பிக்கையாக முதிர்ந்தது. ஸ்பானியரும் பழங்குடியினரும் கலந்த நாடு என்று பள்ளிப் பாடங்கள் சொன்னபோது ஆப்பிரிக்கா என்ற மூன்றாவது வேர் விடுபட்டுப்போனது. கெர்ரேரோ, வஹாக்கா மாநிலங்களின் பசிபிக் கரையோரமான கோஸ்டா சீக்கா பகுதியில் தலைமுறைகளாக வாழும் ஆப்பிரிக்க வழியினரைத் தலைநகரத்து மக்கள் வெளிநாட்டவர் என்று எண்ணிய கதைகள் ஏராளம். மெமீனைப் படைத்தவருக்கும் கறுப்பினக் குழந்தைகள் நினைவுக்கு வந்தது கியூபாவில்தான் என்பதை இங்கே மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.

அந்தக் கரையோரத்தில் இயங்கிய, ‘கறுப்பு மெக்சிகோ’ என்று பொருள்படும் ‘மெக்சிகோ நெக்ரோ’ என்ற அமைப்பு 2005இல் அதிபருக்குக் கடிதம் எழுதி, தலையைத் திரும்பப் பெறும்படி கேட்டது. கறுப்பின மக்களைப் பற்றிய கேலியும் திரிபும் நிறைந்த பார்வைக்கு அரசு பரிசு கொடுக்கிறது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. வெள்ளை மாளிகையின் ஒரு வாக்கியத்துக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட இந்தக் கடிதத்துக்குக் கிடைக்கவில்லை. இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுவே. வெளிநாட்டார் எங்கள் பண்பாட்டை அறியமாட்டார்கள் என்ற பதிலை, அந்தப் பண்பாட்டுக்குள்ளேயே பிறந்து, அந்தச் சித்திரக்கதையின் பெயரைச் சொல்லிப் பள்ளியில் கேலி செய்யப்பட்டு வளர்ந்தவர்களிடம் சொல்ல முடியாது.

சேகரிப்பாளரின் பார்வைக்கு வந்தால், அஞ்சல் தலை அரிதானதன்று. ஏழரை லட்சம் அச்சாகி, பெரும்பாலும் வாங்கிப் பாதுகாத்து வைப்பதற்காகவே வாங்கப்பட்ட ஒன்று எளிதில் அழியாது. பரபரப்பின் நாட்களில் இணைய ஏலத்தில் முகவிலையைப் போலப் பல மடங்குக்கு விற்றதெல்லாம் அந்த வார வேகத்தின் விலை. முத்திரை குத்தப்பட்டு உண்மையான கடிதத்தில் பயணம் செய்த உறைதான் அதைவிடக் குறைவாக இருக்கும். பொத்திவைக்க வாங்கிய தலையைக் கிழித்துக் கடிதத்தில் ஒட்டியவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்?

உண்மையில் அரிதானவை 1960களின் வார இதழ்கள். அவை மலிவான மரக்கூழ்த் தாளில் பழுப்பு மையில் அச்சானவை. அந்தத் தாளிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகி, அமிலமாகி, மடித்த இடத்தில் முறியும். முதுகிலுள்ள கம்பி துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்றுவிடும். மேலும், தெருவோரக் கடைகளில் காசு கொடுத்து அங்கேயே அமர்ந்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் மெக்சிகோவில் பரவலாக இருந்ததால், ஒரே பிரதி பல பேர் கையில் புரண்டது. விற்ற எண்ணிக்கை லட்சக்கணக்கில் இருந்தும் நல்ல நிலையிலுள்ள பிரதி கிடைப்பது கடினமானது இதனால்தான்.

வாங்குவோர் பெரிதும் ஏமாறுவது பதிப்பில். 372 அத்தியாயங்களும் முதலிலிருந்து முடிவுவரை மறுபடியும் மறுபடியும் வெளியிடப்பட்டன; 1980களின் இறுதியில் வண்ணத்திலும் வந்தன. எனவே அட்டையிலுள்ள இதழ் எண்ணை மட்டும் நம்பினால் 1990களின் மறுபதிப்பு 1960களின் மூலமாகக் கைமாறிவிடும். இதில் கைகொடுப்பது அட்டையிலுள்ள விலை. 1954 முதல் 1976 வரை ஒரு டாலருக்கு 12.50 பேசோ என்ற நிலையான மதிப்பு இருந்தது. அக்காலத்து இதழ்களின் விலை சிறிய எண்ணாக இருக்கும். 1976, 1982 ஆண்டுகளின் மதிப்புச் சரிவுகளுக்குப் பின் விலைகள் நூறுகளிலும் ஆயிரங்களிலும் ஏறின. 1993 ஜனவரி 1 முதல் மூன்று பூச்சியங்கள் நீக்கப்பட்டு ஆயிரம் பழைய பேசோ ஒரு புதிய பேசோவானது. அடுத்த சில ஆண்டுகளின் அட்டைகளில் புதிய பேசோவைக் குறிக்க எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தும் சேர்ந்தது. நாட்டின் பணவீக்க வரலாறே அட்டையின் மூலையில் அச்சாகியிருக்கிறது. பேசோவுக்கும் டாலருக்கும் குறியீடு ஒன்றே என்பதை அறியாமல் அதை டாலர் விலையென்று படித்துவிடுவதும் அயல்நாட்டுச் சேகரிப்பாளர்களிடம் காணப்படும் தவறு.

அஞ்சல் தலை விவகாரத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2008 ஜூலையில், டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுத்ததைத் தொடர்ந்து வால்மார்ட் நிறுவனம் மெமீன் இதழ்களைத் தன் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. ஸ்பானிய மொழி வாசகர்களுக்காக அங்கே விற்கப்பட்டவை அவை. மெமீனுக்குப் பரிமாற மறுத்த கடையைக் கண்டித்த அத்தியாயங்களும், அவனை அப்படி வரைந்த ஓவியமும் ஒரே இதழுக்குள் இருந்தன. இவ்விரண்டையும் பிரிக்க வழி தெரியாத கடைக்காரர் அனைத்தையும் அகற்றியதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சேகரிப்பாளரும் ஆய்வாளரும் அப்படி அகற்றக் கூடாது என்றே கருதுகிறேன். இதழை எடுத்து வைக்கும்போது அஞ்சல் தலையை மட்டுமன்றி கோஸ்டா சீக்காவிலிருந்து போன கடிதத்தைப் பற்றிய குறிப்பையும் உடன் வைத்தால்தான் அந்தத் தொகுப்பு முழுமை பெறும்.

அக்கடிதத்தை எழுதியவர்களின் கோரிக்கை அஞ்சல் தலையோடு நின்றுவிடவில்லை. தங்களை எண்ண வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தார்கள். 2015இல் நடந்த இடைக்காலக் கணக்கெடுப்பில் ஆப்பிரிக்க வழியினர் முதன்முறையாக நாடு முழுவதும் எண்ணப்பட்டபோது ஏறத்தாழ 13 லட்சத்து 80 ஆயிரம் பேர் கிடைத்தார்கள். 2019இல் அரசியல் சட்டத்தின் இரண்டாவது உறுப்பு திருத்தப்பட்டு ஆப்பிரிக்க-மெக்சிகோ மக்களுக்கு ஏற்பு கிடைத்தது. 2020 கணக்கெடுப்பில் ஒவ்வொரு வீட்டிலும், முன்னோரையும் பழக்கவழக்கங்களையும் எண்ணிப் பார்த்து, உங்களை ஆப்பிரிக்க-மெக்சிகோவினர், ‘நெக்ரோ’ அல்லது ஆப்பிரிக்க வழியினர் என்று கருதுகிறீர்களா என்று கேட்டார்கள். மேடையில் கரி பூசிய வேடத்துக்கும் தெருவில் கேலிக்கும் பிறர் சூட்டிய சொல் அந்தக் கேள்வியில் ஒருவர் தாமே ஏற்கவோ மறுக்கவோ கூடிய பெயராக வைக்கப்பட்டிருந்தது. 25 லட்சத்து 76 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆம் என்றார்கள்.